இது எந்த மரத்தின் குச்சி?

சவுக்குக் கன்று வாங்க நர்சரிக்குப் போகிறவர்கள் வழக்கமாக இரண்டு கேள்வி கேட்பார்கள். கன்று என்ன விலை? எப்போது எடுத்துக்கொள்ளலாம்? மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்டு நான் பார்த்தது குறைவு. "இது எந்த மரத்திலிருந்து எடுத்த குச்சி?" இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு கன்றுகூட வாங்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் வனத்துறைக்காரன் இல்லை. வேளாண் கடன் கொடுக்கும் வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் கடலூர், விழுப்புரம் பக்கம் சுற்றியவன். ஓய்வு பெற்ற பிறகு மைத்துனரின் நர்சரியில் கணக்கு எழுத உட்கார்ந்தேன். கணக்கு எழுதப் போனவன் குச்சி வெட்டவும் பழகிக்கொண்டேன். ஒரு பக்கம் விவசாயியின் கடன் ஏடு, இன்னொரு பக்கம் நர்சரியின் விற்பனை ஏடு. இரண்டையும் பார்த்ததால் வந்த அபிப்பிராயம் இது.

நம் வயதுக்காரர்களுக்குச் சவுக்கை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பட்டணத்து விறகுத் தொட்டியில் எடை போட்டுக் கொடுத்த கட்டை அதுதான். கல்யாணப் பந்தலுக்குக் கால், கட்டடத்துக்குச் சாரம், அடுப்புக்கு மிளாறு எல்லாம் சவுக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டும் என்று நம் கடற்கரை மணலில் நட ஆரம்பித்தார்கள். எரிவாயு வந்ததும் விறகுத் தொட்டிகள் மூடின. ஆனால் சவுக்கு போகவில்லை. காகித ஆலைக்கு மரக்கூழாகவும், கழியாகவும் இன்றும் போய்க்கொண்டே இருக்கிறது.

பலர் இதை ஊசியிலை மரம், பைன் வகை என்று நினைக்கிறார்கள். பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஊசி என்று நாம் நினைப்பது உண்மையில் கணுக்கணுவாக இருக்கும் பச்சைக் குச்சி. இலை அந்தக் கணுவைச் சுற்றிப் பல் போல ஒட்டிக்கொண்டிருக்கும், கண்ணுக்கு லேசில் தெரியாது. இது பூக்கும் தாவரம். இருந்தாலும் குச்சியை நட்டுக் கன்று பெருக்கும் விஷயத்தில் பைனுக்கும் சவுக்குக்கும் பாடம் ஒன்றுதான். அதனால் இடையிடையே வெளிநாட்டு ஊசியிலைக் காடுகளின் கதையையும் சொல்லப் போகிறேன்.

முதலில், குச்சி எதற்கு, விதை போதாதா என்ற கேள்வி.

ஒரு கிலோ சவுக்கு விதையில் பல லட்சம் விதை இருக்கும். எறும்பு தூக்கிக்கொண்டு போனது போக மிச்சம் முளைத்தாலே ஊருக்கே போதும். அப்படித்தான் நூறு வருஷத்துக்கு மேல் நடந்தது. ஆனால் அந்த விதை எந்த மரத்தினுடையது? தோப்பில் நேராக, உருண்டு திரண்டு வளர்ந்த மரத்தை வியாபாரி முதலில் அடையாளம் வைத்து வெட்டிக்கொண்டு போய்விடுவார். கோணலாக நின்ற மரத்தை யாரும் தொடமாட்டார்கள். அது கிளை விரித்துக் காய் காயாகப் பிடிக்கும். விதைக்குக் காய் பறிக்கிறவர் எட்டும் உயரத்தில் நிறையக் காய் உள்ள மரத்தைத்தானே தேடுவார்? நல்ல மரம் கழிக்குப் போனது, கோணல் மரம் வம்சத்தை வளர்த்தது. இதில் யார் மேலும் குற்றமில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக நாம் தேர்வு செய்தது எதை என்று யோசித்தால் சங்கடமாக இருக்கும்.

அதோடு சவுக்கில் பெரும்பாலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் மரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மகரந்தம் காற்றில் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. விதையில் பாதி வம்சாவளி எப்போதும் புதிர்தான்.

குச்சியில் அந்தப் புதிர் இல்லை. நல்ல மரத்தின் கொழுந்தை எடுத்து வேர் பிடிக்க வைத்தால் வருவது அதே மரம். பிள்ளை என்றுகூடச் சொல்ல முடியாது, அதுவேதான். இதைத்தான் குளோன் என்கிறார்கள். பெயரைக் கேட்டு ஏதோ ஆய்வகத்து மாயம் என்று பயப்பட வேண்டாம். நம் பாட்டி முருங்கைப் போத்தை வெட்டி வேலியோரம் ஊன்றியதும் குளோன்தான். ருசியான முருங்கை எந்த வீட்டில் இருக்கிறது என்று விசாரித்து அந்த வீட்டில் போய்க் கேட்டு வாங்கி வந்தார்களே, அந்த விசாரிப்புதான் இன்று காணாமல் போய்விட்டது.

கோயம்புத்தூரில் 1988-ல் தொடங்கிய வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் சவுக்கில் நெடுங்காலம் வேலை செய்திருக்கிறது. பல நாட்டு விதைகளைக் கொண்டுவந்து வளர்த்துப் பார்த்து, தேர்ந்த மரங்களைச் சேர்த்து, சிஎச்-1, சிஎச்-5 என்றெல்லாம் பெயரிட்ட ரகங்களை வெளியிட்டிருக்கிறார்கள். நாம் பழகிய நாட்டுச் சவுக்கோடு இந்தோனேசியாவைச் சேர்ந்த ஜங்குனியானா இனத்தைக் கலந்த ஒட்டு ரகங்களும் இதில் உண்டு. நாட்டுச் சவுக்கைத் தாக்கும் பட்டைக் கொப்புள நோய் பெரிய தொல்லை. ஒரு பூசணம் உள்ளே போய், பட்டை கொப்புளம் போல உப்பி வெடித்து, கரித்தூள் மாதிரி கொட்டும். மரம் நின்ற இடத்தில் காயும். ஜங்குனியானா இனம் இதை நன்றாகத் தாங்குகிறது. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும் தன் பங்குக்கு ரகங்கள் கொடுத்திருக்கிறது. ஆக, நல்ல தாய் மரம் நம்மிடம் இல்லை என்று சொல்ல முடியாது. தாய் மரத்துக்கும் நம் வயலுக்கும் நடுவில்தான் சிக்கல்.

நர்சரிக்காரருக்கு மகசூல் என்றால் நூறு குச்சி வைத்தால் எத்தனை வேர் பிடித்தது என்பது. அதில் தப்பில்லை, அவர் பிழைப்பு அது. அந்த எண்ணிக்கையை உயர்த்தும் வழிகள் ரகசியமும் இல்லை. தாய்ச்செடியை மரமாக விடாமல் இடுப்பு உயரத்தில் வேலி போல வெட்டி வெட்டி வைக்க வேண்டும். எருவும் தண்ணீரும் குறையக் கூடாது. வெயில் ஏறுமுன் காலையில் கொழுந்தை வெட்டி ஈரத் துணியில் சுற்ற வேண்டும். அடி நுனியை வேர் பிடிக்கும் ஐ.பி.ஏ. பவுடரில் தொட்டு, தென்னை நார்க் கழிவு நிரப்பிய குழாய்த் தட்டில் செருகி, பாலித்தீன் கூடாரத்துக்குள் ஈரக்காற்று வெளியே போகாமல் மூடி வைக்க வேண்டும். மூன்று நான்கு வாரத்தில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். பிறகு நிழல் வலைக்குக் கீழே, அப்புறம் வெயிலில் என்று படிப்படியாகப் பழக்க வேண்டும். இதில் எந்தப் படியில் அவசரப்பட்டாலும் மகசூல் விழும்.

இதில் முக்கியம் தாய்ச்செடியின் இளமை. மரத்துக்கும் முதுமை உண்டு. வயதான மரத்தின் குச்சி லேசில் வேர் விடாது. விட்டாலும் கன்று இளங்கன்று போல எழும்பாது. பக்கக் கிளையிலிருந்து எடுத்த குச்சி, தான் கிளை என்பதை மறக்காமல் பக்கவாட்டிலேயே போகப் பார்க்கும். பங்களா வாசலில் தொட்டியில் வைக்கிறார்களே, கிறிஸ்துமஸ் மரம் என்று நாம் சொல்லும் அராகேரியா, அதுதான் இதற்கு நல்ல உதாரணம். அதன் நடுத்தண்டுக் குச்சி நேராக வளரும். பக்கக் கிளைக் குச்சியை நட்டால் அது மரமாக நிமிராது, வருஷக்கணக்கில் தரையோடு படர்ந்தே கிடக்கும். உள்ளே இருக்கும் மரபு ஒன்றுதான், ஆனால் எங்கிருந்து எடுத்தோம் என்பதில் எல்லாம் மாறிவிடுகிறது.

நியூசிலாந்துக்காரர்கள் இந்தத் தொல்லையை நன்றாக அனுபவித்தவர்கள். அவர்களுடைய தோப்புக் காடுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு ரேடியேட்டா பைன் என்ற ஒரே மரம். அதன் சொந்த ஊர் கலிபோர்னியாக் கடற்கரையில் சிறு சிறு துண்டு நிலம். தேர்ந்த ஆண், தேர்ந்த பெண் என்று கையால் மகரந்தம் சேர்த்து எடுக்கும் விதை விலை அதிகம், கிடைப்பதும் கொஞ்சம். எனவே அந்த விதையை நேராகக் காட்டில் நடாமல், அதில் முளைத்த இளங்கன்றையே தாய்ச்செடியாக்கிக் குச்சி எடுத்துப் பெருக்குகிறார்கள். தாய்ச்செடி வயதாகிவிட்டால் புதிதாக மாற்றிவிடுகிறார்கள். பிரிட்டனில் சிட்கா ஸ்புரூஸ் மரத்துக்கும் இதே வழிதான். எண்ணிக்கையும் தரமும் ஒன்றாகக் கிடைக்க அவர்கள் கண்டுபிடித்த வழி, தாய்ச்செடியை இளமையாகவும் அடையாளத்தோடும் வைத்திருப்பது.

இந்த 'அடையாளம்' என்ற இடத்தில்தான் நாம் கோட்டை விடுகிறோம்.

வேர் நன்றாகப் பிடிக்கும் மரம் வேறு, வயலில் நன்றாக வளரும் மரம் வேறு. இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. ஒரு நர்சரியில் ஐந்து ரகத் தாய்ச்செடிகள் பெயர்ப்பலகை இல்லாமல் கலந்து நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுகிற ஆள் எதில் கொழுந்து அதிகமோ அதில் வெட்டுவார். கூடாரத்தில் எது லேசாக வேர் பிடிக்கிறதோ அது பிழைக்கும். அதிலிருந்து அடுத்த தாய்ப்பாத்தி போடுவார்கள். நாலைந்து சுற்று போனால் அங்கே மிஞ்சுவது சுலபமாக வேர் பிடிக்கும் ரகம் மட்டும். அது மரமாக எப்படி வளரும் என்று யாரும் கேட்கவே இல்லை. வேர் பிடிக்கும் விகிதம் ஏறிக்கொண்டே போகும், நர்சரிக்காரர் முகத்தில் சந்தோஷம் தெரியும், தோப்பு மட்டும் வருஷா வருஷம் இளைக்கும். யாரும் ஏமாற்றவில்லை. எண்ணிக்கையை மட்டும் அளந்ததால் வந்த வினை.

வேண்டுமென்றே ஏமாற்றுவதும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி இரண்டு ஏக்கரில் 'ஒரே குளோன்' என்று வாங்கி நட்டார். எந்த நர்சரி என்பது இங்கே வேண்டாம். ஐந்தடிக்கு ஐந்தடி நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 1,750 கன்று. இரண்டாம் வருஷம் அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு மரம் காய்த்திருக்கிறது, பக்கத்து மரத்தில் ஆண் பூ தொங்குகிறது. ஒரே குளோன் என்றால் ஒரே மரம். தோப்பு முழுக்க ஆண் பூ இருக்க வேண்டும், அல்லது முழுக்கக் காய் இருக்க வேண்டும். இப்படிக் கலந்திருந்தால் விற்றவர் சொன்னது உண்மையில்லை என்று மரமே சாட்சி சொல்கிறது. உயரமும் அப்படித்தான் இருந்தது, ஒன்று பனை மாதிரி, ஒன்று புதர் மாதிரி. ஆனால் சாட்சி வருவது இரண்டு வருஷம் கழித்து. அதற்குள் தண்ணீர் இறைத்தாயிற்று, களை எடுத்தாயிற்று, கடன் வட்டியும் ஏறியாயிற்று. பணத்தைத் திரும்பக் கேட்க அவர் கையில் இருந்தது ஒரு வெள்ளைத்தாள் சீட்டு. அதில் 'சவுக்கு கன்று' என்றும் ஒரு தொகையும் எழுதியிருந்தது, அவ்வளவுதான்.

நெல் விதை மூட்டை வாங்கினால் அதில் சான்று அட்டை தைத்திருக்கும். ரகம், குவியல் எண், சோதித்த தேதி எல்லாம் இருக்கும். நெல் நாலு மாதப் பயிர். தப்பாகப் போனால் அடுத்த பட்டத்தில் சரிசெய்துகொள்ளலாம். சவுக்கு மூன்று முதல் ஐந்து வருஷம் நிலத்தைப் பிடித்துக்கொள்ளும் பயிர். நாலு மாதப் பயிருக்கு அட்டை வேண்டும், நாலு வருஷப் பயிருக்கு வேண்டாமா? நான் போய்ப் பார்த்த நர்சரிகளில் அப்படி ஒரு அட்டை தொங்கியது விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான்.

"அட்டை, ஏடு, தனித்தனிப் பாத்தி என்று போனால் கன்று விலை ஏறும், விவசாயி வாங்கமாட்டார்" என்று மைத்துனரே என்னிடம் வாதாடுவார். ஏறும், உண்மைதான். ஆனால் கடன் ஏடு பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், சவுக்குச் சாகுபடிச் செலவில் கன்று விலை சின்னப் பகுதி. நிலம், தண்ணீர், ஆள் கூலி, வட்டி எல்லாம் நல்ல கன்றுக்கும் மட்டக் கன்றுக்கும் ஒன்றுதான். கன்றில் மிச்சம் பிடித்து மற்ற அத்தனை செலவையும் பணயம் வைப்பது எந்த ஊர் சிக்கனம்?

இதற்கு நேர் எதிரான ஒரு ஆபத்தையும் சொல்லாவிட்டால் நான் பாதி உண்மை பேசியவனாவேன். 'இதுதான் உத்தம ரகம்' என்று ஒன்றின் பெயர் பரவினால் ஊர் முழுக்க அதையே நடுவார்கள். குளோன் என்பது ஒரே மரம் என்றேன் அல்லவா? அதைத் தாக்கும் ஒரு பூச்சி வந்தால் ஊரில் ஒரு மரமும் தப்பாது. தைல மரத்தில் இதைக் கண்ணாலேயே பார்த்தோம். 2000-களில் ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு கடுகளவுக் குளவி தென்னிந்தியாவுக்கு வந்தது. இலைக் காம்பிலும் நரம்பிலும் முட்டையிட்டு முடிச்சு முடிச்சாக வீங்க வைத்தது. சில குளோன்கள் தாங்கின. சில குளோன்கள் நர்சரியிலேயே சுருண்டன. அந்தக் குளோனை மட்டும் நம்பியிருந்தவர் நிலையை நினைத்துப் பாருங்கள்.

ஜப்பானில் இன்னொரு பாடம். போருக்குப் பிறகு மொட்டையாகக் கிடந்த மலைகளை மூட சுகி என்ற ஊசியிலை மரத்தை மலை மலையாக நட்டார்கள். அங்கே க்யூஷூ தீவில் சுகியைக் குச்சி வைத்து வளர்ப்பது நூற்றாண்டுகளாக வந்த கலை. மரங்கள் வளர்ந்து பூத்தன. இன்று வசந்த காலம் வந்தால் மகரந்தத் தூசியால் தும்மலும் கண்ணெரிச்சலும். ஜனங்களில் பத்தில் நாலு பேருக்கு அந்த ஒவ்வாமை. இப்போது மகரந்தம் குறைவாக உள்ள மரங்களைத் தேடிப் பிடித்து, அதே குச்சி முறையில் பெருக்கி, பழையதை வெட்டிவிட்டு நடுகிறார்கள். தாத்தா நட்டதற்குப் பேரன் மூக்கைச் சிந்துகிறான். மரம் நடுவதில் நம் காலத்துக் கணக்கு மட்டும் பார்க்கக் கூடாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

எனவே என் யோசனை, ஒரே தோப்பில் மூன்று நாலு ரகமாவது வேண்டும். கலந்து நட வேண்டாம், பாத்தி பாத்தியாகப் பிரித்து நடுங்கள். எந்த ரகம் நம் மண்ணுக்கு ஒத்துவருகிறது என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். அடுத்த முறை யார் பேச்சையும் நம்ப வேண்டியதில்லை.

இன்னொன்று. இவ்வளவும் நான் சொன்னது வயலில் வெட்டி விற்க நடும் மரத்துக்கு. காட்டைத் திரும்ப உண்டாக்குகிறோம் என்று புறப்படும்போது இந்தக் குச்சி வித்தையைக் கொண்டுபோகாதீர்கள். இப்போது பள்ளிக்கூடம், நிறுவனம், சங்கம் என்று எல்லோரும் கன்று நடுகிறார்கள், நல்ல விஷயம்தான். ஆனால் காட்டுக்கு வேண்டியது ஒரே மாதிரி உயரமான ஆயிரம் மரம் இல்லை. வேறு வேறு தாய்மரங்களின் விதையிலிருந்து வந்த, ஒன்றுக்கொன்று வித்தியாசமான மரங்கள் வேண்டும். வறட்சி வந்தால் சில தாங்கும், நோய் வந்தால் சில தாங்கும், மிச்சமிருப்பது காடாக நிற்கும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் புல்வெளியில் கொண்டுபோய் வைத்த பைன் இன்று தானாகவே விதை போட்டுப் பரவிப் புல்லை அழிப்பதைப் பார்க்கிறோம். கன்றின் தரம் எவ்வளவு உயர்ந்தாலும் இடம் தப்பாக இருந்தால் தரமே தொல்லை. வயலுக்குக் குச்சி, காட்டுக்கு விதை. இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டுக்கும் ஒரே நர்சரியில் ஒரே கன்று வாங்குவதை நிறுத்த வேண்டும்.

கடைசியாக, கன்று வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லி அனுப்ப வேண்டியவை. ரகத்தின் பெயரைக் கேட்கட்டும், அதை ரசீதில் எழுதி வாங்கட்டும். தாய்ப்பாத்தியைக் காட்டச் சொல்லட்டும். காட்டத் தயங்கும் நர்சரியில் வாங்க வேண்டாம். தாய்ச்செடி ரகவாரியாகப் பிரிந்து நிற்கிறதா, நட்டு எத்தனை வருஷம் என்று விசாரிக்கட்டும். ஒரு கன்றைக் குழாயிலிருந்து உருவி வேரைப் பார்க்கட்டும். குச்சிக் கன்றுக்கு விதைக் கன்று போல ஆணிவேர் கிடையாது. சுற்றிலும் மூன்று நாலு வேர் சமமாக இறங்கியிருக்க வேண்டும். ஒரே பக்கம் வேர் விட்ட கன்று காற்றுக்குச் சாயும். 2011 டிசம்பர் கடைசியில் வந்த தானே புயலைப் பார்த்த எங்கள் கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நார்க் கழிவில் வளர்ந்த கன்றுக்கு வேர் முடிச்சு இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர் அந்த முடிச்சில்தான் குடியிருக்கிறது. இல்லாவிட்டால் பழைய சவுக்குத் தோப்பு மண்ணில் ஒரு பிடி எடுத்துக் குழியில் போடுவது பெரியவர்கள் கைக்கொண்ட வழி.

பெண் பார்க்கப் போனால் ஏழு தலைமுறை விசாரிக்கிற ஊர் இது. மாடு பிடிக்கப் போனால் சுழி பார்த்து, பல் பார்த்து, தாய் எத்தனை படி கறந்தது என்று கேட்கிறோம். நாலு வருஷம் நம் நிலத்தில் நிற்கப்போகிற மரத்துக்கு ஒரு தலைமுறையாவது விசாரிக்கலாம். கேட்கிறவர்கள் பெருகினால் நர்சரிக்காரர்கள் தாமாகவே அட்டை கட்டுவார்கள். என் மைத்துனர் போன மாதத்திலிருந்து கட்ட ஆரம்பித்துவிட்டார், முணுமுணுத்துக்கொண்டேதான்.